மணமகள் பக்கத்து வாங்குகள்

பெர்ஜினே கிராமம், லித்துவேனியா
4 மே 2025

அன்புள்ள ஜெராட் அண்ணைக்கு,

மாதா உங்களைச் சுகமாய் வைத்திருக்க வேண்டும். போனை எடுக்கிறீர்கள் இல்லை, அதனால் எழுதுகிறேன். பெலருஸ் எல்லைக் காட்டைக் கடந்து, குளிரில் விறைத்து ஒரு மாட்டுக்கொட்டிலில் விழுந்து கிடந்தேனே, அந்தக் கொட்டில்காரர் யோனாசைத்தான் கட்டப்போகிறேன். பிறகு அடைத்து வைத்த அகதி முகாமிலிருந்து விட்டபோது என்னைக் கூட்டிப்போனது அவருடைய தாய் ஓனாதான்.

இங்கே பாதி வீடு பூட்டிக்கிடக்கிறது. இளம் ஆட்களெல்லாம் உங்கள் லண்டனில்தான். யூன் 21 பலகைக் கோயிலில் கலியாணம். என் பக்கத்தில் நிற்க உங்களைத் தவிர ஒருவருமில்லை. வருவீர்கள்தானே?

உங்கள் தங்கை
பிறேமினி

பார்க்கிங், லண்டன்
19 மே 2025

தங்கச்சி,

உன்னை இங்கே எடுக்கத்தானே இவ்வளவு காலமும் இரட்டை ஷிப்ட் செய்தேன். இல்ஃபோர்டில் உனக்குச் சம்பந்தம் பேசி வாக்கும் கொடுத்தாயிற்று. இனி அவர்களின் முகத்தில் எப்படி முழிப்பேன்? நான் வரமாட்டேன்.

குளிருக்கு நல்ல கோட் வைத்திருக்கிறாயா?

ஜெராட்

பார்க்கிங்
29 யூன் 2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

நான் வந்தேன். மனம் கேட்கவில்லை. வில்னியஸில் இறங்கி, பஸ் பிடித்து, கோயில் வாசல்வரை வந்தேன். உன் பக்கம் வெறுமையாய்க் கிடக்குமென்று வழியெல்லாம் அழுதேன். எட்டிப் பார்த்தால் உன் பக்கத்து வாங்கெல்லாம் சனம் நிறைந்து இருந்தது. நீ சிரித்துக்கொண்டு நின்றாய். இனி நான் என்னத்துக்கு என்று திரும்பிவிட்டேன். வாசலில் ஒரு கிழவர் ஏதோ சொல்லிக் கையைப் பிடித்தார். பாஷை விளங்கவில்லை. உதறிவிட்டு நடந்தேன்.

ஒருக்கால் வந்து உங்கள் இருவரையும் பார்க்கட்டுமா?

அண்ணை

பெர்ஜினே
12 யூலை 2025

அண்ணைக்கு,

பூசைக்கு முன் பாதர் எல்லாரையும் பார்த்து, "அந்தப் பிள்ளையின்ர பக்கம் ஒருத்தருமில்லை. பாதிப்பேர் எழும்பி அங்கை போய் இருங்கோ" என்றார். முதலில் எழும்பியது ஓனா. மகனின் பக்கத்தை விட்டு வந்து இருந்தா. முன் வாங்கின் ஓரத்தில் மட்டும் ஒருவரையும் இருக்க விடவில்லை. "அது தமையன்ர இடம். வருவார்" என்றா.

அந்தக் கிழவர் ஓனாவின் சகோதரம். உங்களை உள்ளே கூட்டிவரத்தான் வாசலில் நின்றவர்.

நான் சிரிக்கவில்லை அண்ணை. அழுகையை அடக்கினால் என் வாய் அப்படித்தான் கோணும். அது உங்களுக்குத் தெரியுமென்று நினைத்திருந்தேன்.

இங்கே புல் அறுக்கும் காலம், கை ஓயவில்லை. வாருங்கோ என்று எழுதத்தான் இருந்தேன். மனம் ஏலாமல் இருக்கிறது. கொஞ்சக் காலம் போகட்டும்.

பிறேமினி