ஏரிக்கரையில் ஒரு பெரட்டு

கடைக்குப் போகும்போது நீ இடுப்பில் செருகிக்கொள்ளும் அந்தச் சின்ன 555 கணக்குப் புத்தகத்தைப் போன வாரம் உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா பையில இருந்துச்சு ஆண்ட்டி. நீங்களே வச்சுக்குங்க" என்றாள். திறந்ததும் தைல வாசனை. தலைவலி இருக்கிறதோ இல்லையோ, நாள் தவறாமல் நெற்றியில் பூசிக்கொள்வாயே, அதே தைலம். அழுதுவிடுவேன் என்று பயந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் பக்கத்தைப் புரட்டினேன். சிரிப்புதான் வந்தது. என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'அரை நாள்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறாய். பாவி, நிஜமாகவே போட்டிருக்கிறாய்.

மம்பாவ் ஊரைத் தாண்டி, பழைய ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் நம் தாமான் வீடுகள் வந்தபோதே பின்னால் அந்த ஏரியும் இருந்தது. அதன் கரையில் ஒருநாள் பெரிய பலகை முளைத்தது. ஏரியைப் பார்த்த வீடுகள் வரப்போகின்றனவாம். தண்ணீர் ஓரத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து காப்பி குடிக்கிற படம். நீ மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தப் படத்தையே பார்த்தாய். "மழை பெஞ்சா அந்த நாற்காலியில மீன்தான்டி உட்காரும்" என்றாய்.

விளையாட்டாகச் சொன்னாலும் உனக்குத் தெரியும். பெருமழை பெய்தால் ஏரி கரையேறிப் புல்வெளி முழுக்கப் படுத்துக்கொள்ளும். காலை வெயில் ஏற ஏற லோங்காங் சாக்கடை வழியாக வடிந்துவிடும். அந்தப் புல்வெளியில் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? நம் வரிசைக்குத்தான் வரும். அந்த வரிசையில் ஆகப் பள்ளத்தில் இருக்கும் கடைசி வீடு என்னுடையது. சுங்கை காடுட் ஃபேக்டரியில் உன் பக்கத்திலேயே நின்று, கால் வீங்க வீங்க ஷிப்ட் பார்த்து வாங்கிய வீடு. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயோ வீடு வீடாக ஏறி இறங்கி ஆட்சேப மனுவுக்குக் கையெழுத்து வாங்கினாய்.

அதற்காகக் கூட்டிய கூட்டத்தில் வீடு கட்டும் கம்பெனிக்காரர், புல்வெளியில் தண்ணீர் நிற்பதை நாம் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, அது எந்த வருஷத்து மழையோ என்றார். நகராண்மைக் கழகத்திலிருந்து இடத்தை நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. காலை ஒன்பது மணி. ஒன்பது மணிக்கு அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது என்று நமக்குத் தெரியும். உனக்கும் வேறு யோசனை எதுவும் தோன்றவில்லை, அதுதான் உண்மை. முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினாய்: "எல்லாரும் பெரட்டுக்கு வர்ற மாதிரி நேரத்தோட வந்து சேருங்க லா."

லேட்டாக வராதீர்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னாய். ஆனால் தோட்டத்தில் பிறந்த சனங்களிடம் பெரட்டு என்று சொன்னால் சும்மாவா? வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மண்டோர் பேர் கூப்பிடும் விடிகாலை அது. ஐந்தரைக்கு வரிசையில் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பால்வெட்டை விட்டு எத்தனை வருஷம் ஆனால் என்ன, உடம்பு மறக்குமா?

அன்று இரவு கொட்டித் தீர்த்தது. பேனர் கட்டலாம் என்று ஆறு மணிக்கு நீ போனபோது கரையில் நாற்பது பேர் டார்ச் லைட்டோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்களாம். இடுப்பு வலிக்கார முனியம்மா அக்கா பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்திருந்தாராம். ஏரி நிறைந்து அவர்கள் கால்விரலைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். "ஒரு நிமிஷம் எனக்கே ஒண்ணும் ஓடலடி" என்று என்னிடம் மட்டும் பிறகு சொன்னாய். ஊரைப் பொறுத்தவரை எல்லாம் உன் ப்ளான்தான். மண்டோர் மகள் அல்லவா, உடனே புத்தகத்தை உருவி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் குறித்துவிட்டு, "பெரட்டு இன்னும் முடியல. யாரும் நின்ன இடத்தை விட்டு நகரக்கூடாது" என்று உத்தரவு போட்டிருக்கிறாய்.

நான் வந்தது எட்டு மணிக்கு. கடிதத்தில் ஒன்பது என்றுதானே இருந்தது. அதிகாரிகள் முன்னால் மரியாதையாக இருக்க வேண்டும் என்று பட்டுச்சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, சேற்றில் செருப்பு சிக்க, தத்தித் தத்தி வந்தேன். மொத்த வரிசையும் என்னைப் பார்த்தது. "உன் வீட்டுக்காகத்தான்டி ஊரே இங்க நிக்குது. நீ கல்யாணத்துக்கு வந்த மாதிரி வர்றே. உனக்கு அரை நாள் சம்பளம்தான்" என்றாய். வெட்கமாக இருந்தது. அந்த வரிசையைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

ஒன்பதுக்கு நகராண்மைக் கழக அதிகாரி அம்மா வந்தபோது ஏரி இருபது அடிக்கு மேல் பின்வாங்கியிருந்தது. காய்ந்துவரும் புல்லில் நாற்பத்தொரு பேர் கோடு போட்டாற்போல் நிற்கிறோம். ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். நீ கால் பக்கம் கையைக் காட்டி, "ஆயர் சம்பாய் சினி, புவான்" என்றாய். தண்ணீர் இதுவரை வந்தது, அவ்வளவுதான். அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு காலடியிலும் ஈரச் சருகும், தண்ணீர் ஒதுக்கிவிட்டுப் போன ரப்பர் கொட்டையும் ஒரே வரிசையாகக் கிடந்தன. ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டியவர், கூட வந்த ஆளைக் கூப்பிட்டு எங்கள் காலடியில் குச்சி நடச் சொன்னார். முனியம்மா அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, தன் குச்சியைத் தானே நட்டார்.

வீடுகள் அந்தக் குச்சிகளுக்கு மேலே தள்ளிப் போயின. புல்வெளி புல்வெளியாகவே இருக்கும் என்று கடிதம் வந்தபோது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாய். "அப்ப இனிமே பட்டுச்சேலை நனையாது" என்று சொல்லி இருமல் வரும்வரை சிரித்தாய்.

இப்போது குச்சிகளின் இடத்தில் வெள்ளைக் கல் பதித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். மேலே வந்த புது வீட்டுக்காரர்களும் நடக்க வருகிறார்கள், நல்ல மனிதர்கள்தான். நேற்று இரவு மீண்டும் பெருமழை. என் வாசற்படி நனையவில்லை. தூக்கம் கலைந்ததும் உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஐந்தரைக்கே கரைக்குப் போனேன். நான்தான், நம்பு. ஏரி வெள்ளைக் கற்களைத் தொட்டுக்கொண்டு நின்றது.

டார்ச் வெளிச்சத்தில் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தேன். நாற்பத்தொரு பேர். மூன்று தடவை பார்த்தேன், உன் பேர் இல்லை. பேர் கூப்பிடுகிற மண்டோர் தன் பேரை எப்போது கூப்பிட்டுக்கொண்டார்? ஊரையே வரிசையில் நிறுத்திவிட்டு நீ மட்டும் கணக்கில் வராமல் போயிருக்கிறாய். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

கல்லின் மேல் உட்கார்ந்து நாற்பத்திரண்டாவதாக உன் பேரை எழுதினேன். நேராக 'முழு நாள்' என்று போட்டேன். சத்தமாக ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தேன். நடக்க வந்த புது வீட்டுக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார், போகட்டும்.

என் அரை நாளை மட்டும் திருத்தவில்லை. அது நீ போட்டது.