ஒரே பிரேக் லைன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? நான் சுகம்தான், பதற வேண்டாம்.

லாரி ஓட்டிய உங்களுக்குப் புரியும் என்று இதை எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள். பட்டறையில் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கிறோம். கூரை கிடையாது, நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் போக ஒரே பிரேக் லைன்.

"ரெண்டு லைனா மாத்திடலாம் சார். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். சீட் பெல்ட்டும் போட்டுடலாம்" என்று என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த மெக்கானிக் அண்ணன் முதலாளியிடம் கெஞ்சினார்.

"கார்க்காரருக்கு எல்லாம் பழையபடியே இருக்கணுமாம். நீ ஓட்டிப் பாரு."

சரிவில் லைன் வெடித்து, பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. வண்டி சுவரில் மோதி, அண்ணன் வெளியே தூக்கியெறியப்பட்டார். ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டார்.

இப்போது கார்க்காரரே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார். முன்பக்கத்தை நிமிர்த்தி, இரட்டை லைனும் பெல்ட்டும் நான்தான் போட்டேன். நேற்று முதலாளி சாவியை நீட்டினார்.

"நீங்களும் பக்கத்துல உக்காருங்க சார், ஓட்டுறேன்" என்றேன்.

ஏறினார். சரிவில் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். பிரேக் நன்றாகவே பிடித்தது. திரும்பி வந்த பிறகும் அவர் வெகுநேரம் இறங்கவில்லை.

அண்ணனின் சாமான்களைக் கட்டி அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இந்தப் பக்கம் யாராவது வந்தால், நம் வீட்டில் சும்மா கிடக்கும் அலாரம் கடிகாரத்தைக் கொடுத்தனுப்புங்கள். இத்தனை நாளும் காலையில் என்னை எழுப்பிவிட்டது அண்ணன்தான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்