கொப்பி எடுத்தனீரோ?

கட்டைவிரல் நகமளவு கறுப்புத் துண்டு ஒன்று என் மேசையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நீர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உம்முடைய மனைவி பவானியைக் கொழும்புக் காலி வீதிக் கடைக்கு அனுப்பி எனக்கு வாங்கித் தந்த பென்ட்ரைவ். நீளமானது என்றால் நான் பையில் வைத்து முறித்துவிடுவேன் என்று, லப்டொப்பில் செருகினால் வெளியே தெரியாத அளவில் உள்ளதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தீர்.

"குத்தினபடியே இருக்கட்டும். பின்னேரம் வீட்டை போனதும் அண்டண்டைக்கு எழுதினதை இதிலை ஒரு கொப்பி போடும். வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றீர்.

குத்தினேன். வேறொன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை உமக்கு முப்பத்தோராம் நாள். நினைவு மலர் கொட்டாஞ்சேனை அச்சகத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பக்கத்தில் முடிய வேண்டியது பதின்மூன்று ஆகிவிட்டது. பக்கங்கள் நாலால் பிரிபட வேண்டும் என்பதால் அது பதினாறு ஆயிற்று. மிஞ்சிய மூன்று பக்கத்துக்கும் குத்துவிளக்குப் படம் போடட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். இடம் மிஞ்சினால் குத்துவிளக்கைக் கொளுத்துகிற அந்தப் பழக்கத்தை நீர் எப்படி ஏசுவீர் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். இன்று பின்னேரம் வரை நேரம் தந்திருக்கிறார்கள்.

நாம் இருவரும் ஒரே பத்திரிகையில் வேலை பார்த்தோம். நான் நிருபர். நீர் பக்கம் கட்டுகிறவர். கணினி வந்த பிறகு அந்தக் கணினிகளுக்கு வைத்தியரும் நீரே. ஓய்வு பெற்ற பின்னரும் என் லப்டொப்புக்கு உம்மைத் தவிர வேறு ஆள் இருந்ததில்லை. வருடத்துக்கு மூன்று நான்கு தடவை அது மக்கர் பண்ணும். நான் பாமன்கடையிலிருந்து தொலைபேசி எடுப்பேன். நீர் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில், நான்காம் மாடியில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருப்பீர். கை எச்சில் என்பதால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுவீர்.

முதல் தடவை நான், "லப்டொப் வேலை செய்யுதில்லை" என்றேன்.

"நீர் நிருபர்தானே? 'சம்பவம் ஒன்று நடந்தது' எண்டு செய்தி எழுதிக் குடுப்பீரோ? என்ன கண்டனீர் எண்டு சொல்லும். நினைச்சதைச் சொல்லாதேயும்."

பிறகு மூன்று கேள்விகள், எப்போதும் அதே ஒழுங்கில். விளக்கு எரியுதோ? விசிறிச் சத்தம் கேட்குதோ? திரையில் எழுத்து ஏதும் இருந்தால், அதை அப்படியே வாசியும். அன்றைக்கு விளக்கே எரியவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை நான் போட்டிருக்கவில்லை. நீர் சிரிக்கவில்லை. பின்னால் பவானி சிரித்தது கேட்டது. போனை வைக்கமுன், போயிட்டு வாறன் என்பதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டீர்: "கொப்பி எடுத்தனீரோ?" அதற்குப் பிறகு ஒரு தடவையாவது நீர் அதைக் கேட்காமல் போனை வைத்ததாக எனக்கு நினைவில்லை.

பத்திரிகை வேலை முடிந்த நேரங்களில் நீர் அச்சகங்களுக்கு நினைவு மலர்களும் கட்டிக் கொடுத்தீர். எத்தனை நூறு என்று நீரும் எண்ணியதில்லை. 'பாசத்தின் உறைவிடம்', 'பண்பின் சிகரம்' என்ற வரிகள் உம்முடைய விரல்களுக்குப் பழகிப்போயிருந்தன. "முப்பது வருசமா இதை அடிக்கிறன். எங்கடை ஆக்களிலை இன்னும் ஒரு கோபக்காரனும் செத்ததாத் தெரியேல்லை" என்பீர். அதனால்தான் ஆஸ்பத்திரியில், வைத்தியர் சொல்ல வேண்டியதைச் சொன்ன மறுநாள், என்னை லப்டொப்போடு வரச் சொன்னீர். உம்முடைய மலருக்கு உரிய விபரங்களை நீரே சொல்வீர். நான் அடிக்க வேண்டும். ஒரு சொல்லையும் அழகுபடுத்தக் கூடாது. பேச்சுத் தமிழில் சொன்னால் பேச்சுத் தமிழிலேயே இருக்க வேண்டும்.

நான்கு பின்னேரங்கள் வந்தேன். பிறந்த இடம், படித்த இடம், பார்த்த வேலை. தம்பியோடு பதினொரு வருடம் கதைக்காமல் இருந்தது, அதில் பிழை யாருடையது என்பது. "என்ரை எண்டு போடும்" என்றீர். மூன்றாம் நாள், பவானி சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் நாலைந்து வரியில் ஒரு பந்தி சொன்னீர். அது அவருக்கு. மலர் கைக்கு வரும்போதுதான் அவர் அதை வாசிக்க வேண்டும் என்றீர். போத்தலோடு அவர் திரும்பி வரமுன் நான் அடித்து முடித்துவிட்டேன்.

அப்போது கேட்டீர், "கொப்பி எடுத்தனீரோ?" என்று.

"ஓம்" என்றேன்.

எடுத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று நினைத்தேன். உமக்குக் களைத்திருந்தது, இன்னொரு பேச்சை அதில் வளர்க்க விரும்பவில்லை. நீர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினீர். அது நீர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் கடைசிக் கேள்வி அதற்கு அடுத்த நாள், தேத்தண்ணியில் சீனி போட்டிருக்கிறதா என்பது. அதற்கு நான் உண்மையான பதிலைத்தான் சொன்னேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை லப்டொப்பைத் திறந்தேன். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் அச்சகத்தில் இருக்க வேண்டும். நான் அதை நிறுத்துவதேயில்லை, மூடியைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன் என்பது உம்முடைய பழைய முறைப்பாடு. வியாழன் பின்னேரமும் அப்படியே சாத்தினேன், சார்ஜரும் போடவில்லை. ஞாயிறு காலை பற்றரி முற்றாக இறங்கியிருந்தது. சார்ஜரைப் போட்டு அழுத்தினேன். கம்பனியின் அடையாளம் வந்தது, போனது. கறுப்புத் திரை. மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியில் 'டிஸ்க்' என்ற சொல்லைக் கண்டேன். ஐந்து தடவை அழுத்தினேன். ஐந்து தடவையும் அதே.

காலி வீதியில் ஞாயிறும் திறக்கிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒருவரின் அச்சுப் பொறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஹாட் டிஸ்க் போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன், ஒரு வைத்திய அறிக்கையை வாசிப்பவன் போல.

"டிஸ்க் போனா ஒண்டும் செய்ய ஏலா சேர். புதுசு போட்டு ஏத்தித் தாறன். உள்ளுக்கு இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். பற்றுச்சீட்டு எழுதப் போனவரிடம் பின்னேரம் வருகிறேன் என்று சொல்லி லப்டொப்பைத் திருப்பி வாங்கினேன். அவரில் பிழையில்லை. என்னுடைய சொல்லை நம்பினார்.

வீதியில் நின்று யோசித்தேன். உம்முடைய வாழ்க்கை விபரங்களை நான் திரும்ப எழுதிவிடுவேன். பாதி எனக்கு முன்னாலேயே தெரியும். பவானிக்கான பந்தியை எழுத முடியாது. பொருள் நினைவிருந்தது, சொற்கள் நினைவில்லை. ஒருவர் சொன்னதன் பொருளை மேற்கோள் குறிக்குள் போடுகிறவனை நாம் இருவரும் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்று உமக்குத் தெரியும். அவரிடமே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, கடற்கரைப் பக்கம் இறங்கினேன்.

பவானி கதவைத் திறந்தார். லப்டொப் பையைக் கண்டதும் மலர் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. நான் கதிரையில் இருக்காமலே சொன்னேன். நீர் சொன்னது எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை, கொப்பி எடுத்ததாக உமக்குப் பொய் சொன்னேன், இப்போது டிஸ்க் பழுது. அவருக்கென்று நீர் சொன்ன பந்தி ஒன்று இருக்கிறது, அதுவும் இதற்குள்தான் என்றேன்.

கீழே மாத்தறைப் பக்கம் போகும் ரயில் கடந்தது. அது போய் முடியும்வரை அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை, கதைத்தால் கேட்காது. போன பிறகு பவானி, "இருங்கோ அண்ணை" என்றார். பிறகு, "என்ன கண்டனீங்கள்?" என்றார்.

"டிஸ்க் போயிட்டுது, பவானி."

"அது நீங்கள் நினைச்சது. கண்டது என்ன?"

நான் அவரையே பார்த்தேன். "இருவது வருசம் சோறு போட்டுக்கொண்டு ஸ்பீக்கரிலை கேட்டனான். எனக்கு முழுக்கப் பாடம். போடுங்கோ பாப்பம்" என்றார்.

உம்முடைய மேசையில், உம்முடைய இடத்தில் வைத்துப் போட்டேன். விளக்கு எரியுது, பவானியே சொன்னார். காதைக் கிட்டே கொண்டுபோய், விசிறி ஓடுது என்றார். கறுப்புத் திரை வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"ரிமூவ் டிஸ்க்ஸ் ஓ அதர் மீடியா. கழட்டச் சொல்லியெல்லோ கிடக்கு. பழுது எண்டு எங்கை போட்டிருக்கு?"

கழற்றுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, சீடி போடுகிற இடமே இல்லை என்றேன். அவர் கேட்கவில்லை. லப்டொப்பைத் தூக்கி, ஒரு மாம்பழத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல நாலு பக்கமும் பார்த்தார். இடப் பக்கத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். கறுப்பில் கறுப்பாய் இருந்த அது கையோடு வந்தது.

"இது நான் வாங்கினதெல்லோ?"

ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லியிருந்தது. அழுத்தினேன். அடையாளம் வந்தது, வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு என் பழைய திரை வந்தது. உம்முடைய பெயரில் இருந்த கோப்பு, இடப் பக்க மூலையில், வியாழக்கிழமை விட்ட இடத்திலேயே இருந்தது. நான் கதிரையில் இருந்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காரணத்தையும் பதிந்துவிடுகிறேன். நேற்றுக் கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது, அவர் உள்ளே ஒரு பட்டியலைத் திறந்து பார்த்தார். "ஒன் பண்ணினா மொத பென்ட்ரைவப் பாக்கச் சொல்லி யாரோ மாத்தி வச்சிரிக்காங்க சேர். வேல முடிஞ்சதும் திருப்பி விடோணும்" என்றார். யாரோ என்பது நீர். இரண்டு வருடத்துக்கு முன் என் லப்டொப்பில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியபோது மாற்றினீர், திருப்பி விடவில்லை. அது வெறும் பென்ட்ரைவுக்குள் தன்னைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதை ஒழுங்காக நிறுத்துகிறவனாக இருந்திருந்தால் பென்ட்ரைவைக் குத்திய அன்றைக்கே தெரிந்திருக்கும், நீரும் இருந்திருப்பீர். ஆகவே உம்முடைய பிழை ஒன்று, என்னுடையவை மூன்று.

ஞாயிறுக்குத் திரும்புகிறேன். கோப்பு திறந்ததும், பந்தியை மலரிலேயே வாசிக்க வேண்டும் என்று நீர் சொன்னதைப் பவானியிடம் சொன்னேன். "நீங்கள் இப்ப சொல்லிப்போட்டியள், நான் எப்பிடி வெள்ளிக்கிழமை மட்டும் பொறுத்திருக்கிறது?" என்றார். லப்டொப்பை அவர் பக்கம் திருப்பினேன். அவருடைய அனுமதியோடு அதை இங்கும் தருகிறேன்.

"சீதனமாத் தந்த வீடு அவவின்ரை. இந்தத் தொடர்மாடி வாங்க அதை வித்தது நான். கேட்டு விக்கேல்லை, சொல்லித்தான் வித்தனான். அவ ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டேல்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்."

அவர் இரண்டு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை விரலைத் திரையில் வைத்து, வரி வரியாக. பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கடலில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

"சொல்லி எண்டதும் சரியில்லை அண்ணை" என்றார். "உறுதி எழுதப் போன நொத்தாரிசு வீட்டு வாசல்லை வைச்சுத்தான் சொன்னவர். உள்ளுக்கை போறதுக்கு ரெண்டு நிமிசம் இருக்கேக்கை."

பழக்கத்தில் என் கை விசைகளுக்குப் போனது. திருத்தவோ என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "வேண்டாம். அவர் சொன்னது அப்பிடியே கிடக்கட்டும். நான் சொன்னதை நீங்கள் வேறை எங்கையாவது எழுதுங்கோ" என்றார். அது இந்தப் பக்கம். பென்ட்ரைவை என்னிடம் நீட்டினார். "முதல்லை கொப்பியை எடுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

நின்றார். எடுத்து முடிந்ததும் பென்ட்ரைவைக் கழற்றச் சொன்னார். கழற்றி மேசையில் வைத்ததைக் கண்ட பிறகுதான் தேத்தண்ணி வைக்கப் போனார்.

நம்முடைய பத்திரிகையில் திருத்தங்களை உள்பக்கத்தில், ஆரும் பாராத மூலையில் போடுவார்கள். செய்தி வந்த இடத்திலேயே திருத்தமும் வர வேண்டும் என்று சண்டை பிடித்தவர் நீர். இதற்கு எனக்கு அகப்பட்ட இடம் உம்முடைய மலர்தான். ஆஸ்பத்திரியில், மூன்றாம் நாள் பின்னேரம், கொப்பி எடுத்தனீரோ என்ற கேள்விக்கு நான் அளித்த பதில் பிழையானது. அந்த நேரத்தில் கொப்பி எதுவும் இருக்கவில்லை. இப்போது மூன்று இருக்கின்றன. ஒன்று என்னிடம், ஒன்று பவானியிடம், ஒன்று அச்சகத்தில். தவறுக்கு வருந்துகிறேன்.

இந்த மடலையும் முடித்தவுடன் பென்ட்ரைவில் ஒன்று போடுவேன். போட்டுக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூடியைச் சாத்தாமல், லப்டொப்பை ஒழுங்காக நிறுத்துவேன். விளக்கு அணையும்வரை பார்த்துக்கொண்டு இருப்பேன்.