கட்டி சுரந்ததும் ஊர் சுரந்ததும்

ஆலங்குடாச் சந்தியில் உனக்கு பெனர் கட்டியிருக்கிறார்கள், முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரச்சொல்லி. அதில் இருப்பது உன் பழைய படம். ஒடுங்கிய தாடை, மெல்லிய மூக்கு. நீ கண்மூடியபோது இருந்த முகத்தைத் தொங்கவிட அவர்களுக்கு வெட்கம். "பழைய படந்தான் பிள்ளை வடிவு" என்று கோயில் சபைத் தலைவர் என்னிடமே சொன்னார். வடிவைப் பற்றிப் பேச அந்த மனிதருக்கு எவ்வளவு துணிச்சல்!

தேவாலயப் பாடகர் குழுவில் உன் பக்கத்தில் நின்றவள் நான். அதனால் உன் குரல் தடித்தது முதலில் எனக்குத்தான் கேட்டது. பிறகு செருப்புகள் சிறுத்துப்போயின. நிச்சயதார்த்த மோதிரம் இறுகி, சவர்க்காரம் போட்டுக் கழற்றினோம். "ஆம்பிளைக் கை மாதிரிக் கிடக்கு, பாரடி" என்று சிரித்தாய். மாதவிடாய் நின்றுபோனதை எனக்கு மட்டும் சொன்னாய். தலையிடி என்று காட்டப்போன இடத்தில், டொக்டர் உன் முகத்தை நிமிர்ந்தும் பாராமல் விற்றமின் எழுதினார். "கலியாண யோசினை, வேற ஒண்டுமில்லை" என்றார். பெண்ணுக்கு எது வந்தாலும் கலியாணத்தில் கொண்டுபோய் முடிக்கிற மூளை. அதற்கு ஒரு பட்டம் வேறு.

பிறகு அந்த ஞாயிறு. பாடிக்கொண்டிருக்கையில் உன் சட்டையின் முன்புறம் நனைந்தது. பால். என் சால்வையை எடுத்துப் போர்த்தினேன். அதற்குள் பின்வரிசை பார்த்துவிட்டது. பூசை முடியுமுன்னே நீ பெற்று, கொன்று, எத்தாளைப் பக்கம் புதைத்த ஒரு பிள்ளை அவர்கள் வாயில் பிறந்துவிட்டது. ஆணா பெண்ணா என்பதில்தான் கொஞ்சம் இழுபறி.

அந்தக் கிழமையே உன்னைக் கட்ட இருந்தவனின் தாய் மோதிரத்தைத் திருப்பிக் கேட்டு வந்தாள். அவனோ வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடி போனை நோண்டிக்கொண்டிருந்தான். இறங்கக்கூட இல்லை.

"நான் ஒருத்தனையும் தொடேல்லை மாமி."

"பால் பொய் சொல்லுமோ?" என்றாள்.

புத்தளம் கிளினிக்கில் இருந்த இளம் பெண் டொக்டர் மட்டுமே உன் கைகளைப் பார்த்தார். பழைய படம் கேட்டார். அடையாள அட்டையைக் கொடுத்தாய். அதையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கானுக்கு அனுப்பினார். மூளைக்கு அடியில், கபச்சுரப்பியில் ஒரு கட்டி. அது இரண்டு ஹோர்மோன்களை அளவுமீறிச் சுரந்திருக்கிறது. ஒன்று உன் கையையும் காலையும் தாடையையும் வளர்த்தது. மற்றது பிள்ளை பெறாத மார்பில் பால் ஊறவைத்தது.

"கனபேருக்கு ஒண்டுதான் கூடும். சிலருக்கு இப்பிடி ரெண்டு. உங்கட பிழை ஒண்டுமில்லை" என்றார் டொக்டர். நீ அழுதாய். கட்டி என்றதற்கு அல்ல. அந்தக் கடைசி வார்த்தையை அதுவரை உனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

கொழும்பில் மூக்கு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். பால் நின்றது. ஆனால் வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதான். பெருத்துப்போன இருதயமும் அப்படியே. நீ வீடு வந்ததும், மோதிரத்தைத் திருப்பிக் கேட்ட அந்தத் தாய் பிஸ்கட் பெட்டியோடு வந்து நின்றாள்.

"எங்களுக்கு எப்பிடித் தெரியும் மகள்? அவன் இன்னும் உன்னைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

நீ கதிரையைக் காட்டவில்லை. "என்ர கட்டியை வெட்டி எடுத்திட்டாங்கள் மாமி. உங்கட வாய்க்கு எந்த ஆஸ்பத்திரி?"

அவள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள். நாம் சிரித்த சிரிப்பில், "மூக்கு நோகுதடி, காணும்" என்று கெஞ்சினாய்.

பாடவும் திரும்பி வந்தாய். ஆண்களின் வரிசையில் போய் நின்று அடிக்குரலில் பாடினாய். சபைத் தலைவர் முகம் சுளித்தார். நீ அசையவில்லை. அந்த இருதயம் சில வருடங்கள் உன்னைச் சுமந்துவிட்டு நின்றபோது, உன் பெட்டியருகே உரத்து அழுதவர்கள் அதே பின்வரிசைக்காரர்கள். கண்ணீருக்கும் அவர்களிடம் குறைவில்லை.

அவர்களை மன்னிக்கும்படி நீ என்னிடம் சொல்லவில்லை. நானும் மன்னிக்கவில்லை. சென்ற கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளைக்கு முகத்தில் மயிர் வளர்கிறதென்று கதை கிளம்பியது. அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கையில் அவள் மெல்லக் கேட்டாள்: "ஊர் என்ன சொல்லும் அக்கா?"

"ஊர் கண்டதையும் சொல்லும், அதுக்கு வேற வேலை இல்லை. நீ டொக்டருக்குச் சொல்லு" என்றேன். அப்போது உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.