புள்ளி தெரியாத சுவர்

கூடத்தின் கிழக்குச் சுவருக்கு எந்தக் கறுப்பு என்ற கேள்வி சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை முற்பகலில் தீர்ந்தது. பெயிண்ட் கடைக்காரர் விரித்த அட்டையில் ஒரு பக்கம் முழுவதும் கறுப்புகள் இருந்தன. நீலம் ஓடிய கறுப்பு, பச்சை ஓடிய கறுப்பு, டிகாக்‌ஷனை நினைவூட்டும் கறுப்பு, தன்னைக் கறுப்பு என்று சொல்லிக்கொள்ளத் தயங்கும் கறுப்பு. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன். கடையில் நின்ற மற்றவர்கள் பேச்சை நிறுத்தியதாகவே எனக்கு ஞாபகம். பிறகு, கீழ் வரிசையில் ஓரமாக இருந்த ஒன்றின்மேல் விரலை வைத்தேன். அதற்குமேல் அப்பீல் இல்லை.

பெயிண்டர் நேற்று கடைசிக் கோட்டும் அடித்து முடித்துவிட்டுப் போனார். ஜன்னல்களைத் திறந்து வைத்தும் வாசனை போகவில்லை. சாம்பாரில்கூட இறங்கியிருக்கிறது. இந்த வாசனையில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் போன பிறகு உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் முறை. இருந்தபோதும் எழுதியதில்லை, எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

உண்மையில் இந்தச் சுவர் இந்நேரம் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். நானும் இந்நேரம் சென்னையில் இருந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை. நம் மகள் உங்கள் காரியம் முடிந்த நாளிலிருந்து போனில் ஒரே பாட்டுத்தான். "அம்மா, ஒத்தையா எதுக்கும்மா அங்க கெடக்குற? வூட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துடு. உனக்குன்னு ரூமே ஒழிச்சு வெச்சிருக்கேன்." நானும் எத்தனை நாள்தான் புத்தகம் அடுக்க வேண்டும், கொடியில் துணி காய்கிறது என்று காரணம் சொல்வது? நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவளிடம் ஊரில் இருந்தாக வேண்டிய காரணங்கள் அதிகம் கிடையாது. சரி என்றேன்.

வீடு பார்க்க நம் மாவட்டத்து மங்களூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் மனைவியோடு வந்தார். இங்கே மாற்றலாகியிருக்கிறார். கிணறு பிடித்தது, சமையலறை பிடித்தது, பின்பக்கத்து முருங்கையைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குக் குடியே வந்துவிட்ட முகம். கூடத்துக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"என்னங்க இது, ஸ்கூலு போர்டு மாதிரி?" என்று மனைவி அவர் காதைக் கடித்தார். எனக்கும் கேட்டது.

"எனக்கும் அதான் தோணுது," என்றார் ஆசிரியர். பிறகு என்னிடம் மரியாதையாக, "நாள் முழுக்க போர்டையே பாத்துட்டு வரேங்கம்மா. வூட்டுக்கு வந்தும் அதையா பாக்கறது? இந்த ஒரு செவுத்த மட்டும் வெள்ள அடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா மாசம் பொறந்ததும் வந்துடறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார். அதே வாக்கியத்தை அதே கூடத்தில் வேறொரு ஆள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நிறம்தான் வேறு.

செராமிக்ஸ் ஆலையில் உங்கள் வேலை குறை கண்டுபிடிப்பது. சூளையிலிருந்து இறங்குகிற வெள்ளைப் பீங்கான் சாமான்களை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். எங்காவது கடுகில் பாதி அளவுக்குக் கறுப்புப் புள்ளி தென்பட்டால் ரிஜெக்ட். களிமண்ணில் தப்பி வந்த இரும்புத்தூள் வெந்ததும் புள்ளியாக மேலே வந்துவிடும் என்று கல்யாணமான புதிதில் எனக்கு விளக்கினீர்கள். மற்ற புது மாப்பிள்ளைகள் மனைவியிடம் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இரும்புத்தூளைப் பற்றி நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

அந்தக் கண்ணை நீங்கள் வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரவில்லை என்பதுதான் சிக்கல். இட்லியைத் தட்டில் போட்டால் ஒருமுறை திருப்பிப் பார்ப்பீர்கள். என் அப்பா வந்து கருவேப்பிலங்குறிச்சி நிலத் தகராறைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில் எழுந்துபோய் அவர் தலைக்கு மேலே சுவரை நகத்தால் சுரண்டினீர்கள். "எறும்பா புள்ளியான்னு பாத்தேங்க மாமா," என்றீர்கள். அப்பா ஊருக்குப் போய், மாப்பிள்ளைக்கு நம் பேச்சு பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பிற்பாடு அந்த நிலத்தைப் பற்றி அவர் உங்களிடம் பேசவே இல்லை. அது ஒரு லாபம்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னீர்கள்: "நாள் முழுக்க வெள்ளையப் பாத்துட்டு வரேன். வூட்டுலயும் வெள்ளைன்னா கண்ணு எங்க போயி ஒக்காரும்? ஒரே ஒரு செவுரு. புள்ளி இருந்தா தெரியக் கூடாது. அவ்ளோதான் கேக்கறேன்."

உலகத்தில் கறுப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் வெள்ளைத் தாளில். நான் படித்தவரையில் இப்படியொரு காரணத்தை யாரும் சொல்லவில்லை. எனக்கு உடனே சம்மதம். உங்கள் அக்காவுக்குத்தான் இல்லை. பெண்ணாடத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

"ஏண்டா, வூட்டுக்குள்ள எவனாவது கறுப்பு அடிப்பானா? வர்ற மகாலட்சுமி கண்ணு தெரியாம செவுத்துல முட்டிக்கிறதுக்கா?"

"லைட்டு போட்டு வெக்கறேன்க்கா."

"இவன் பேச்சப் பாரு. நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேன் அண்ணி. டியூப்லைட்டா போடச் சொல்லியிருக்கேன்," என்றேன். அக்கா அன்று காப்பி குடிக்காமல் போனார். அடுத்த முறை வந்தபோது சேர்த்துக் குடித்தார்.

அப்புறம்தான் உங்கள் ஆராய்ச்சி தொடங்கியது. அப்போது பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் கம்ப்யூட்டர் இல்லை. கறுப்பு என்று கேட்டால் இரும்பு கேட்டுக்கு அடிப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். நீங்கள் ஊரில் கிடைத்த கறுப்புகளையெல்லாம் சின்னச் சின்ன டப்பாக்களில் வாங்கி வந்தீர்கள். சுவரில் ஒரு மூலையில் அடித்துப் பார்ப்பது மனிதர்கள் செய்வது. உங்களைப் பொறுத்தவரை, ஒரு நிறத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆலையில் செய்வதுபோல மாதிரி ஓட்டில், உள்ளங்கையளவு பீங்கான் வில்லையில், பூசிப் பார்க்க வேண்டும். கறுப்புக்கு ஒரு ஓடாகப் பூசி, முதுகில் ஆணியால் கீறி அடையாளம் வைத்து, அனலில் சீக்கிரம் காயும் என்று வேலைக்கு எடுத்துப் போனீர்கள். மாதிரி ஓடு கையில் இருந்தால் அடுத்து என்ன செய்வது என்பது உங்கள் கைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேசிக்கொண்டே சூளைக்குப் போகிற தட்டில் அடுக்கிவிட்டீர்கள்.

சூளை திறந்த அன்று நீங்கள் வாசலில் வந்து நின்ற முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது.

"கறுப்பு ஓடிப்போச்சு," என்றீர்கள்.

"எங்க?"

"அதான் தெரியல. எல்லா ஓடும் பளிச்சுனு வெள்ளையா வந்திருக்குது. ஒண்ணு மட்டும் செங்கல்லு மாதிரி செவந்து கெடக்குது."

"வூட்டுச் செவுத்த சூளையில வெக்கப் போறீங்களா?"

வெகுநேரம் யோசித்தீர்கள். "வெக்கப் போறதில்ல," என்று ஒப்புக்கொண்டீர்கள். "ஆனா பொய்க் கறுப்புன்னு தெரிஞ்ச பொறவு அத எப்புடி அடிக்கறது?"

 கடைசியில், பீங்கான் பொம்மை செய்கிறவர்கள் வாங்குகிற கடையில் போய், எந்த நெருப்பிலும் நிறம் மாறாத கறுப்புப் பொடியை வாங்கி வந்து, சுவர்ப் பெயிண்டில் கொட்டி, நீங்களே கலக்கி, நீங்களே அடித்தீர்கள். நல்ல கறுப்புத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பொடி கரையவில்லை. சுவர் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தவர்களின் சட்டைகள் முதுகுப் பக்கம் சீக்கிரம் மூப்படைந்தன. ஒட்டடையும் அதிலேயே பிடித்துத் தொங்கும். வெயில் தாழ்ந்து எதிர் ஜன்னல் வழியாக வரும்போது மட்டும், மற்ற மூன்று சுவர்களும் கண்ணைக் கூசச் செய்ய, இது ஒன்றும் சொல்லாமல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதன் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவீர்கள். கண் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அது கொஞ்ச நாள்தான். ஒரு மாலை காப்பி கொண்டுவந்தபோது முன்னால் குனிந்து, "இந்தா, இங்க வா. அதோ ஒரு வெள்ளப் புள்ளி தெரியுதா?" என்றீர்கள்.

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தது. களிமண் தூசி. வேலைத்தலத்திலேயே குளித்துவிட்டு வருவதாக நீங்கள் என்னிடம் சொல்லி வந்தீர்கள். நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் சாய்ந்த இடத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாக முதுகுகள் பதிந்து, சுவர் வேறு மாதிரி சொன்னது. ஈரத்துணியால் துடைப்பது என் வேலையாயிற்று. மகள் இன்னும் வசதி கண்டாள். சாக்பீஸ் கொண்டுவந்து வாய்ப்பாட்டை அதில் எழுதிப் படித்தாள். அதில் ஒரு தப்பையும் நீங்கள் தூரத்திலிருந்தே பிடித்தீர்கள். கணக்கில் இல்லை, ஏழின் கொம்பில்.

நீங்கள் போனதும் உங்கள் படத்தை எங்கே மாட்டுவது என்ற பேச்சு வந்தது. கறுப்பில் மாட்டக் கூடாது என்றார்கள் எல்லோரும். உங்கள் அக்காதான் படத்தை வாங்கி அந்தச் சுவரில் வைத்துப் பிடித்துப் பார்த்தார். "இங்கியே மாட்டு. எடுப்பாத்தான் இருக்குது," என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். மகாலட்சுமி விவகாரத்தை அதோடு வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் ஆசிரியருக்காக வெள்ளை அடிக்கச் சொன்னேன். என் துணிமணிகளையும் கட்டியாயிற்று. மகள் அழைத்துப்போக வரும் தேதியும் சொல்லிவிட்டாள். பெயிண்டர் மேடு பள்ளம் மறையப் பட்டி பார்த்து, முதல் கோட்டு அடித்து, காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டார். கூடம் பெரிதாகிவிட்டது போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அங்க ஒரு புள்ளி தெரியுது," என்றேன்.

உங்கள் பொடிதான். பட்டியைத் தாண்டி மணி மணியாக எட்டிப் பார்த்தது. பெயிண்டர் தேய்த்து இன்னொரு கோட்டு அடித்தார். ஆசிரியரும் வந்து பார்த்தார்.

"சூப்பரா இருக்குதுங்கம்மா."

"புள்ளி தெரியுதே."

"எங்கங்க? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

பெயிண்டருக்கும் தெரியவில்லை. ஏணிமேல் ஏறி, செல்போன் டார்ச்சை அடித்து, "தொடச்சு விட்ட மாதிரி இருக்குதும்மா, எங்கன்னு கைய வெச்சுக் காட்டுங்க," என்று கெஞ்சினார். நான் கை வைத்துக் காட்டினேன். இங்கே, இதோ இங்கே, ஜன்னலுக்குப் பக்கத்தில் கடுகில் பாதி அளவுக்கு. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புதிதல்ல. என் அப்பா உங்களை அப்படிப் பார்த்திருக்கிறார்.

உங்கள் சட்டைகளை உங்கள் அக்கா மகன் போட்டுக்கொண்டிருக்கிறான். சைக்கிளும் அவனிடம்தான் போயிற்று. கண் என்னிடம் வந்திருக்கிறது. எப்போது மாற்றிக் கொடுத்தீர்கள் என்று தெரியவில்லை. அத்தனை வருஷம் அந்தச் சுவரை நான் துடைத்துக்கொண்டிருந்தபோதாக இருக்கலாம். இப்போது பால் தம்ளரைத் திருப்பிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் முன்பல்லில் ஒரு புள்ளி இருக்கிறது. அதன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

"ரிஜெக்ட்," என்றேன்.

"என்னாங்கம்மா?" என்றார் பெயிண்டர்.

"கறுப்பே அடிச்சுடுங்க. நான் கடைக்குப் போயிட்டு வரேன்."

ஆசிரியர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொன்னேன். நல்ல மனிதர், கோபப்படவில்லை. நாள் முழுக்க ஒன்றையே பார்க்கிற கண் அவருக்கும் இருக்கிறது.

மகளுக்குப் போன் செய்தேன். மறுபடி கறுப்பே அடிக்கிறோம் என்றேன். "அப்பா அடிச்ச மாதிரியே சொரசொரன்னா வருது?" என்று கேட்டாள்.

"இல்லடி, வழவழன்னு இருக்குது. கம்ப்யூட்டர்ல கலக்குனது."

"அப்ப எப்பம்மா வருவ?"

"பெயிண்ட்டு காயட்டும்," என்றேன்.

மங்களூர் ஆசிரியர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேறொரு வீட்டில் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடிபோனார். மகள் எனக்காக ஒழித்த அறையில் பேரனின் படிப்பு மேசையைப் போட்டிருக்கிறார்கள்.