மழுங்கிய தீக்குச்சிகள்

என் அருமைப் பவுனு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தோன்றவில்லை. வாத்தியார் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார், அதற்கு மேல் விதி என்று செஞ்சியில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன். நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டு ஹபீபா ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு 'விதி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைச் சாகவிட்டவன் நான்தானோ என்ற கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள். முப்பத்திரண்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில் சொன்னதையே சொன்னவன். உனக்கு அது பழக்கம்தான்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், கிணற்றடியில் குடத்தைத் தூக்கப் போன நீ அப்படியே சாய்ந்தாய். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. புதுச்சேரியில் பதினெட்டு நாள் இருந்தோம். குழறிய பேச்சு அங்கேயே திரும்பிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். மாதம் ஒரு முறை அழைத்து வாருங்கள், பிரஷர் பார்த்து மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும் என்றார். முதலாவதை மட்டும் நான் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

விரல் நுனி பழகுவதற்குச் சுற்றுகிற சாமானைப் போல வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் பேனா பிடிக்க வராத பிள்ளைகளுக்கு நான் பம்பரம்தான் செய்து கொடுப்பேன். வீட்டில் இருந்ததே போதும். மருந்துக்கடைக் காலண்டரின் அட்டையில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு வெட்டினேன். நடுவில் ஊசியால் துளைத்து ஒரு தீக்குச்சியைச் செருகி, மெழுகுவத்தியைச் சொட்டவிட்டு இறுக்கினேன். கம்பவுண்டரிடம் காலி ஊசி மருந்து பாட்டில்களின் ரப்பர் மூடிகளைக் கேட்டு வாங்கினேன். அதில் குச்சி செருகினால் கனமாக நின்று சுற்றும். ஹபீபாவின் வீட்டுக்காரர் தையல்காரர் என்பதால் பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்று கிடைத்தது. அதன் இரண்டு துளையிலும் நூலைக் கோத்து, முறுக்கி இழுத்தால் விர்ரென்று பாடும்.

நீ அவற்றைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது.

"இன்னாங்க இது? தல நரச்ச காலத்துல எனக்கு பம்பரமா?"

"கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புடி. நசுக்காத. உப்பு கிள்ளிப் போடற மாதிரி."

"உப்பு கிள்ள வந்தா நான் ஏன் இங்க உக்காந்துனு இருக்கறேன்? அடுப்பாண்ட போயிருக்க மாட்டேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பம்பரம் உன் விரலிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. பத்து முறை எடுத்துக் கொடுத்தேன். பத்து முறையும் விழுந்தது. பரவாயில்லை என்றேன். 'அ' எழுத ஒரு பிள்ளைக்கு நான்கு மாதம் ஆன கதையைச் சொன்னேன். நீ ஜன்னல் வழியாக ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மூன்று மணிக்கு நான் டியூஷன் சொல்லிக் கொடுக்கப் போவேன். நான் வரும்வரை ஹபீபா உன்னோடு இருப்பாள். போவதற்கு முன் ஆறு பம்பரங்களிலும் புதுத் தீக்குச்சி செருகி உன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்ததும் குச்சிகளின் முனையைப் பார்ப்பேன். நம் சிமெண்டுத் தரையில் இருபது முறை சுற்றினால் முனை உருண்டுவிடும்; நாற்பது முறை சுற்றினால் ஒரு நூலளவு தேயும். முதலில் நானே சுற்றிப் பார்த்துத்தான் இதைத் தெரிந்து வைத்திருந்தேன். முனை மழுங்கியிருந்தால் உன் விரல் வேலை செய்தது என்று அர்த்தம். காலண்டரில் அந்தத் தேதியின் மேல் சிவப்பு மையில் 'சரி' போடுவேன்.

முதல் வாரம் குச்சிகள் புதிதாகவே இருந்தன. இரண்டாவது வாரம் ஒன்று மழுங்கியது. பிறகு இரண்டு, பிறகு ஆறும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க, எனக்கு எதுர்ல ஒரு தபா சுத்து, பாக்கறேன்" என்று கேட்டேன்.

"நீங்க பாத்தா கூச்சமா இருக்குதுங்க. விரலு நின்னுடுது" என்றாய்.

நான் நம்பினேன். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நேருக்கு நேர் நின்றால் ஒரு வரிகூடச் சொல்லமாட்டாள். கரும்பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டால் பாட்டு முழுவதையும் பாடுவாள். உன்னையும் அவளோடு சேர்த்துவிட்டேன். எதற்கும் ஓர் உதாரணம் என் கையில் எப்போதும் தயாராக இருந்தது, பவுனு. அதுதான் என் கண்ணைக் கட்டியது.

புதுச்சேரிக்குப் போகவேண்டிய நாள் வந்தது. "கைதான் வருதே, எதுக்குங்க?" என்றாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, திண்டிவனத்தில் பஸ் மாறும்போது கண்டக்டரும் இன்னும் மூன்று பேரும் உன்னை மூட்டை மாதிரி தூக்கி ஏற்றினார்கள். புடவை விலகியதை உன்னால் இழுத்துவிட முடியவில்லை. செஞ்சி வரும்வரை முகத்தை மூடிக்கொண்டு வந்தாய். எனக்கு அது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் நான் போகாமல் விட்டது அதற்காக அல்ல. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நினைத்தேன். விரல் குணமாகிறது என்றால் நோயே இறங்குகிறது என்று கணக்குப் போட்டேன். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை இங்கேயே வாங்கிக்கொண்டோம்.

நான்கு மாதம் அப்படியே போயிற்று. நெய்வேலியிலிருந்து நம் மகள் மல்லிகா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாள், அம்மாவை டாக்டரிடம் காட்டினீர்களா நைனா என்று. காட்டினோம் என்று எழுதினேன். வீணாகக் கவலைப்படுவாளே என்றுதான்.

அந்தக் காலையில் நான் புதிதாக ஒரு தட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். வட்டத்தை ஏழாகப் பிரித்து ஏழு நிறம் பூசிச் சுற்றினால் நிறமெல்லாம் கலந்து வெளுப்பாகத் தெரியும். அதை உன் கையாலேயே சுற்றி நீ பார்க்கவேண்டும் என்று ஆசை. உள்ளே "ஏங்க" என்று ஒரு சத்தம் கேட்டது. பச்சை நிறத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். வந்தபோது உன் வாய் கோணியிருந்தது.

கார் திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே இருந்த டாக்டர் கேட்டார், "கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கை நல்லா வந்துனு இருந்துது டாக்டர்."

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சைக்கிள் கடைக் கோவிந்தனுக்கும் வலது கை விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பம்பரம் கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, உன் பம்பரங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஹபீபா நின்றிருந்தாள்.

"எங்க சார், வெயில்ல?"

"கோவிந்தன் வூட்டுக்குத்தான். நம்ம பவுனுக்கு இதுலதானே விரல் திரும்புச்சு? சும்மா பாண்டிக்கு அலையாத, இத சுத்துன்னு சொல்லிட்டு வரேன்."

அவள் என் கையிலிருந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மட்டும் சொல்லாதீங்க சார்."

"ஏம்மா?"

"அக்காவுக்கு விரலு வரல சார். ஒரு நாளு கூட வரல."

"குச்சி தேஞ்சுது இல்ல?"

"நான் சுத்தனேன் சார்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "நீங்க தெரு முனை திரும்பற வரைக்கும் அக்கா ஜன்னல்ல பாத்துனு இருக்கும். அப்புறம், 'அடியே, வாத்தியாரு போய்ட்டாரு, என் வூட்டுப் பாடத்த எழுதிக் குடு'ன்னு சிரிக்கும். நான் ஆறையும் சுத்துவேன். வேல இருந்தா தரையில வெச்சு தேச்சு வுட்டுடுவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சத்தியம் வாங்கிடுச்சு சார். 'அந்தக் குச்சியப் பாத்து மனுசன் சின்னப் புள்ள மாதிரி சிரிக்கறாரு, கெடுத்துடாதடி'ன்னுச்சு. அப்புறம்..."

"சொல்லு."

"'வரலன்னு தெரிஞ்சா மறுபடியும் பஸ்ல ஏத்துவாரு. நாலு ஆம்பளைங்க தூக்கனது போதும்'னு அழுதுச்சு. மாத்திர மாத்தணும்ன்ற சமாச்சாரம் எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அல்லா மேல ஆணையா சொல்லியிருப்பேன்."

அழுதாள். உன் மேல் தப்பில்லை அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

எதற்காகச் செய்தாய் பவுனு? என் சிரிப்புக்காகவா, அந்த பஸ்ஸுக்குப் பயந்தா? பஸ்தான் காரணம் என்றால், ஒரு வாடகைக் கார் பேசியிருக்கலாமே. கடைசி நாளில் கிடைத்த கார் அதற்கு முன் கிடைக்காமலா போயிருக்கும்? அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? வாய்விட்டு ஒரு முறை சொல்லியிருக்கக் கூடாதா நீ? அல்லது சொல்லியும் நான்தான் அதற்கும் ஓர் உதாரணம் சொல்லி வாயை அடைத்துவிட்டேனா?

இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்கில் ஒரே தப்பைப் போட்டால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று சொல்லிவிடுவேன் நான். ஆறு குச்சியும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. செத்த கை ஆறையும் எப்படி ஒரே சீராகத் தேய்க்கும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் சிவப்பு மையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதைவிட ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால்தான் உட்கார முடியவில்லை. அந்த நான்கு மாதமும் தினம் சாயங்காலம் தீக்குச்சியை வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பார்த்தேன். பக்கத்தில்தான் உன் கை கிடந்தது. அதை எடுத்து, என் விரலைக் கொடுத்து, இதைப் பிடி பார்க்கலாம் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். எல்லாம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இன்று காலை டப்பாவை எடுக்காமல் கோவிந்தன் வீட்டுக்குப் போனேன்.

"இன்னா வாத்தியாரே, பம்பரம் எட்தாறேன்னு சொல்லி அனுப்ச்சியே?" என்றான்.

"அது கெடக்கட்டும். டாக்டர் சொன்ன தேதிக்கு பாண்டிக்குப் போயிடு. ஒரு மாசமும் வுடாத. கை தேறினாலும் போ, தேறாட்டியும் போ" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு மனிதன் தப்பித்திருக்கலாம். அதனால் எனக்கு ஒரு துளி ஆறுதலும் வரவில்லை என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

சனிக்கிழமை மல்லிகா வருகிறாள். எங்க நைனா மாதிரி யாராலயும் பொண்டாட்டியப் பாத்துக்க முடியாது என்று அவள் மாமியார் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். "பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்காது" என்று ஹபீபா சொல்லி அனுப்பியிருக்கிறாள். ராத்திரி முழுவதும் எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. தாயும் போய், தகப்பனையும் ஏன் இழக்கவேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் யோசித்துப் பார். உனக்கு என்னிடம் உண்மை சொல்ல மனம் வரவில்லை. எனக்கு அவளிடம் உண்மை எழுத மனம் வரவில்லை. எல்லோரும் எல்லோர் மேலும் பிரியமாகத்தான் இருந்தோம். அந்தப் பிரியத்தின் நடுவில் உனக்கு ஒருவரும் பிரஷர் பார்க்கவில்லை.

அவள் வந்து, கை கால் கழுவி, சாப்பிட்ட பிறகு எதிரில் உட்கார வைத்துச் சொல்வேன். மாதாமாதம் காட்டினோம் என்று எழுதியது பொய் என்பதை முதலில் சொல்வேன். பிறகு மற்றதை. உதாரணம் எதுவும் சொல்லமாட்டேன். 'நீ கவலைப்படுவாயே என்றுதான்' என்றும் சொல்லமாட்டேன். கேட்டுவிட்டு அவள் அடுத்த பஸ்ஸுக்கே எழுந்து போனாலும் தடுக்கமாட்டேன். நீ எனக்காகச் செய்ததை நான் அவளுக்குச் செய்யமாட்டேன், பவுனு. இது சத்தியம்.

மல்லிகாவின் நைனா,
உன் வீட்டுக்காரன்.