ஆற்றங்கரை ஊரில் நான் சொன்னது

செப்டம்பர் 14, ஞாயிறு

விடியத் தொடக்கம் மழை. பிரான்சால வந்து மூண்டு நாள், சூட்கேஸ் இன்னும் ஹோலுக்குள்ள. இண்டைக்கெண்டாலும் அவிழ்ப்பம் எண்டு தொடங்கினது.

தோய்க்க: இவற்ர சேட் ஆறு. மகள் அபியின்ர ஜீன்ஸ், முழங்காலில கோட்டைச் சுவர்ப் பாசி. என்ர சுடிதார் ரெண்டு.
குடுக்க: மாலாக்காவுக்கு வோல்நட் எண்ணெய். ஒஃபிசுக்கு பிஸ்கட் டின்.

பதினொரு மணிபோல, பிரான்சில துலைஞ்ச காப்பு ரெண்டும் கிடைச்சுது.

பிளேனில கால் வீங்காமல் போடுற நீளச் சொக்ஸுக்குள்ள. உருட்டி வைச்சிருந்ததை உதறினன், விழுந்து உருண்டு கட்டிலுக்குக் கீழ போச்சுது. சத்தத்திலேயே தெரிஞ்சிட்டுது. உடன குனியேல்லை. கொஞ்ச நேரம் கட்டிலில இருந்திட்டுத்தான் எடுத்தனான்.

இப்ப எல்லாம் ஞாபகம் வருது. வள்ளம் ஓட்டப் போன அண்டு விடிய, ஆத்துக்குள்ள விழுந்திடும் எண்டு கழட்டி பேசின் தட்டில வைச்சனான். பிறகு, அறை கூட்ட வாற ஆள் கண்டால் எண்டு யோசிச்சு, எடுத்துச் சொக்ஸுக்குள்ள ஒளிச்சனான். நானே ஒளிச்சது. ஆள் எடுக்கும் எண்டு பயந்து ஒளிச்சது.

இவர் கீழ கிரிக்கெட் பார்த்துக்கொண்டு. அபி பார்ட்-டைம் வேலைக்கு. அலுமாரியில கூறைச்சீலைக்குக் கீழ வைச்சிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

மத்தியானம் கணவாய்க் கறி. உப்புப் போட மறந்திட்டனாம்.

செப்டம்பர் 15, திங்கள்

ரொறன்ரோ ரூஜில இருந்து ஒஃபிஸ் இருக்கிற மிசிசாகாவுக்கு ஒண்டேகால் மணித்தியாலம். 401 ஹைவேயில ஏதோ விபத்து.

ஒஃபிசில எல்லாரும் ட்ரிப் எப்பிடி, ட்ரிப் எப்பிடி. போனில படம் காட்டினன். ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை. ரெண்டும் நூறு வருசம் சண்டை பிடிச்சதாம். இடையில டோர்டோன் ஆறு, பச்சையாய், அவசரமில்லாமல். யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை எண்டபடியாலோ என்னவோ, ஆத்தைக் கண்டால் இவரைப் பிடிக்கேலாது. துடுப்பைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற படம் பார்த்து எல்லாரும் சிரிச்சவை.

நாங்கள் நிண்ட ஊர் மலை விளிம்பில. நாற்பது வீடு வருமோ தெரியாது. தேன் நிறக் கல்லு. தெரு எண்டு சொல்லேலாது, படிதான். ஒரு தேவாலயம், நீளப் பாண் சுட்டு விக்கிற ஒரு பாண்கடை, ஒரு கிணறு. ஊர் எண்ணூறு வருசம் பழசு எண்டு அபி பலகையை வாசிச்சுச் சொன்னவள். கல்யாணம் கட்டி இருபத்தைஞ்சு வருசம் எண்டு போன பயணம். காப்பும் அதுக்கு இவர் வாங்கித் தந்ததுதான்.

ஒஃபிசில இதெல்லாம் சொன்னன். ஓடில் எண்ட மனுசியைப் பற்றிச் சொல்லேல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வெய்யில். நித்திரை இல்லை.

எழுதிப் பார்க்கிறன், ஒழுங்கா.

ஓடில் நாங்கள் நிண்ட வீட்டில வேலை செய்யிற மனுசி. அறுபது இருக்கும். குட்டைத் தலைமயிர், நீல ஏப்ரன். வீட்டுக்காரியை நாங்கள் மதாம் எண்டுதான் கூப்பிட்டது. பழைய கல்வீட்டில நாலு அறையை வாடகைக்கு விடுறவ. ஓடில் பத்தொன்பது வருசமா அங்க. முதல் நாள் எனக்குக் கால் நோகுது எண்டு கண்டிட்டு, கேக்காமலே ஒரு வாளியில சுடுதண்ணியும் உப்பும் கொண்டுவந்து வைச்சவ.

வள்ளம் ஓட்டிப்போட்டு மூண்டு மணிபோல வந்தம். கட்டில் விரிச்சுக் கிடக்கு, துவாய் மடிச்சுக் கிடக்கு, பேசின் தட்டில காப்பு இல்லை. பேசின் தட்டில வைச்சது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அரை மணித்தியாலம் தேடினன். சூட்கேஸும் கிண்டினன், ஆனா சொக்ஸை ஆர் பிரிச்சுப் பார்க்கிறது. இவர் சொன்னார், வேற ஆர் உள்ளுக்க வந்தது?

மதாமிட்டப் போனன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அபிக்குத் தெரியும், சின்னனில இருந்து பள்ளிக்கூடத்தில பிரெஞ்சிலதான் படிச்சவள். அவள் மாட்டன் எண்டவள். இன்னொருக்காத் தேடுவம், நாளைக்குக் கேப்பம் எண்டு கெஞ்சினவள்.

"நான் சொல்லுறதை மட்டும் சொல்லு" எண்டன்.

சொன்னவள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னவள்.

ஓடில் பின்னுக்குக் குசினியில நிண்டவ. கேட்டிட்டா.  ஒருத்தரும் கேக்காமல் ஏப்ரன் பொக்கெற் ரெண்டையும் வெளியில இழுத்துக் காட்டினா. மூக்குத் துடைக்கிற லேஞ்சி ஒண்டு. ரெண்டு உடுப்புக் கிளிப். பாதி பிஸ்கட்.

அடுத்த நாள் அவ வரேல்லை. மதாம்தான் கட்டில் விரிச்சா.

அண்டு மத்தியானம் நாங்கள் மற்றக் கோட்டைக்குப் போனம். அந்தப் படங்கள் இண்டைக்குப் பார்த்தனான். கோபுரத்தில நிண்டு, காத்துக்குச் சால்வையைப் பிடிச்சுக்கொண்டு, நல்ல சிரிப்பு.

செப்டம்பர் 18, வியாழன்

பல்லு டொக்டர் 4.30. பால், முட்டை, கறிவேப்பிலை.

ஒண்டு இங்க மட்டும் எழுதலாம். கனடா வந்த புதுசில நானும் ஆறு வருசம் எயார்போட்டுக்குக் கிட்ட ஹோட்டல் ஒண்டில கட்டில் விரிச்சவள். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. ஆரும் ஏதாவது காணேல்லை எண்டால் முதல் எங்களைத்தான் வரிசையா நிப்பாட்டுறது. அப்பிடி நிக்கேக்க கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாது. பொக்கெற்றுக்குள்ள வைச்சால் ஒளிக்கிற மாதிரி. பின்னுக்குக் கட்டினால் திமிர் மாதிரி.

இது அபிக்குத் தெரியாது. ஹோட்டலில வேலை எண்டு தெரியும். முன் கவுண்டரில எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நான்தான் அப்பிடி நினைக்க விட்டது.

செப்டம்பர் 20, சனி

மாலாக்காவும் புருசனும் சாப்பாட்டுக்கு வந்தவை, வோபர்னில இருந்து. இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சி. முந்தி ஒரே பில்டிங்கில இருந்த ஆக்கள், ஒளிவு மறைவு இல்லை.

படங்களை இவர் டீவியில போட்டுக் காட்டினார். கோட்டை, பீரங்கி, ஆறு, வாத்து. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கதை. பிரான்சில களவு குடுத்த கதை. இவர் கதை சொன்னால் நல்லாச் சொல்லுவார், அதுதான் கரைச்சல். ஓடில் பொக்கெற்றை இழுத்துக் காட்டினதை எழும்பி நிண்டு நடிச்சுக் காட்டினார். எல்லாம் நடிப்பு, காப்பு அதுக்கு முதலே வீட்டை போயிருக்கும் எண்டார். மாலாக்கா கன்னத்தில கை வைச்சுக்கொண்டு, உவையளை நம்பேலாது எண்டா. அவவின்ர புருசன் சிரிச்சார்.

நானும் சிரிச்சனான். அதை எழுதாமல் விடலாம் எண்டு பார்த்தன். சிரிச்சனான்.

அபி கோப்பையோட எழும்பி மேல போயிட்டாள். அவளுக்குச் சோதினை, படிக்கோணும் எண்டு நான் சமாளிச்சன்.

காப்பு அலுமாரியில. மாலாக்காவையள் இருந்த கதிரைக்கு நேர மேல் மாடியில.

செப்டம்பர் 21, ஞாயிறு

சொல்லிட்டன் அபிக்கு.

காலமை அவளின்ர அறைக்குள்ள போய், காப்பை லப்டொப்புக்குப் பக்கத்தில வைச்சன். எங்க இருந்தது எண்டும் சொன்னன். எப்ப கண்டது எண்டும் சொன்னன். ஒரு கிழமை எண்டு. நேற்றைக்குச் சிரிக்கேக்க தெரியுமோ எண்டு கேட்டாள். ஓம் எண்டன்.

கத்துவாள் எண்டு நினைச்சன். கத்தேல்லை.

"நீங்கள் தமிழில சொன்னது அவவுக்கு விளங்கேல்லை அம்மா. அவவுக்கு விளங்கினது நான் சொன்னதுதான். ஐ செட் இட். என்ர வாயால."

மகளுக்கு நான் என்ன செய்து வைச்சிருக்கிறன் எண்டு அப்பதான் விளங்கினது. அதுவரைக்கும் என்ர வெக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

ஹோட்டல் வேலையையும் சொன்னன். பதினாலு அறை, வரிசை, எல்லாம்.  கதவைச் சாத்திப்போட்டுப் போகச் சொன்னாள்.

செப்டம்பர் 22, திங்கள்

இவருக்குச் சொன்னன். முதல் சந்தோசம், காப்பு கிடைச்சிட்டுது எண்டு. பிறகு மெல்ல மெல்ல முகம் மாறிச்சுது.

மதாமுக்குப் போன் எடுத்துச் சொல்லப்போறன் எண்டதுக்கு, விடச் சொல்லுறார். திரும்ப அந்த ஊருக்குப் போகப்போறமோ, அவை எங்களை ஆர் எண்டு தேடப்போகினமோ, இனிப் போன் எடுத்துப் பிழையாப் பழி சொன்னது நாங்கள்தான் எண்டு சொல்லுறதால ஆருக்கு லாபம். மாலாக்காவையளுக்கு என்ன சொல்லுறது எண்டும் கேட்டார். அதுதான் அவருக்குப் பெரிசு. எனக்கும் அது பெரிசுதான், பொய் சொல்லேல்லை.

கோபத்தோட கார் கழுவப் போயிட்டார். மழை வாற மாதிரி இருக்கேக்க.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒஃபிசுக்குப் பிந்தி வாறன் எண்டு மெசேஜ். காலமை ஏழு மணி, அங்க மத்தியானம் ஒண்டு. அபி மதாமுக்குப் போன் அடிச்சாள். ஸ்பீக்கரில போடச் சொன்னன். விளங்காட்டிலும் நான் இருக்கோணும் எண்டு.

 மதாம் நிறையப் பேசினா. அபி சொன்னது: ஓடிலை வேலையால நிப்பாட்டினது மதாம் இல்லையாம். ஓடிலே கதவுத் திறப்பை மேசையில வைச்சிட்டுப் போயிட்டாவாம். மதாம் அவவை மறிக்கேல்லையாம். "மறிச்சிருக்கோணும்" எண்டு ரெண்டு தரம் சொன்னாவாம்.

ஓடிலின்ர நம்பர் தந்தா. அவவிட்டக் கேட்டிட்டுத்தான் தந்தா, ஒரு மணித்தியாலம் கழிச்சு.

செப்டம்பர் 25, வியாழன்

குளிர் தொடங்கிட்டுது. ஹீற்றர் போடோணும்.

ஓடிலோட கதைச்சது.

முதலே ஒரு கடதாசியில எழுதி வைச்சிருந்தனான், என்ன சொல்லுறதெண்டு. அபி அதை வாசிக்கேல்லை. நீங்கள் ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, நான் சொல்லுறன் எண்டாள். அந்த வீட்டில நடந்த மாதிரியே. நான் தமிழில, அவள் பிரெஞ்சில.

காப்பு கிடைச்சிட்டுது எண்டன். என்ர பையுக்குள்ளதான் இருந்தது எண்டன். நீங்கள் எடுக்கேல்லை, நான் பிழை செய்திட்டன் எண்டன். அபியின்ர குரல் ஒரு இடத்தில உடைஞ்சுது. எந்தச் சொல்லில எண்டு எனக்குத் தெரியேல்லை.

ஓடில் கேட்டது ஒண்டு: பையில எதுக்குள்ள?

சொக்ஸுக்குள்ள எண்டன்.  சிரிப்பாவோ எண்டு பயந்தன். சிரிக்கேல்லை.

பிறகு அவ மெல்லமா, நிப்பாட்டி நிப்பாட்டிச் சொன்னா. அபி அப்பிடியே சொன்னாள்.

"எனக்கு மட்டும் சொன்னால் போதாது. நான் எடுக்கேல்லை எண்டு எனக்கு முதலே தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. எழுதி அனுப்புங்கோ. பாண்கடையில ஒட்டுறதுக்கு."

மதாமிட்டத் திரும்ப வேலைக்குப் போவியளோ எண்டு கேட்டன். இல்லையாம். பக்கத்து ஊரில வயசுபோன ஆக்களின்ர இல்லத்தில சமையலுக்குச் சேர்ந்திட்டாவாம். பஸ்ஸில நாற்பது நிமிசம்.

மன்னிச்சிட்டன் எண்டு சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. கேட்டால் அதுக்கும் அவதானே ஏதாவது தரோணும்.

செப்டம்பர் 27, சனி

கடிதம். பகல் முழுக்க.

நான் எழுதினது: தவறுதலாக உங்களை நினைச்சிட்டம்.
அபி: நினைக்கேல்லை, சொன்னனீங்கள்.
திருத்தினது: உங்களைக் கள்ளி எண்டு சொன்னன்.
அபி: எங்க வைச்சு?
சேர்த்தது: மதாமுக்கு முன்னால, என்ர மகளின்ர வாயால.
அபி கடைசிப் பாதியை வெட்டச் சொன்னாள். வெட்ட மாட்டன் எண்டன். அந்த ஒண்டில மட்டும் நான் வெண்டது.

நாலு பந்தியில தொடங்கி, ஒன்பது வரியில முடிஞ்சுது. காலநிலை, உங்கட ஊர் எவ்வளவு வடிவு, ஆறு, கோட்டை எண்டு நான் எழுதினதெல்லாம் போச்சுது. சரிதான்.

அபி பிரெஞ்சுக்கு மாத்தி, பெரிய எழுத்தில பிரின்ற் எடுத்தாள். கீழ கையெழுத்து வைச்சன், வழமைபோலத் தமிழில. அவள் பார்த்துக்கொண்டு நிண்டாள்.

"அம்மா, அங்க இதை ஒருத்தரும் வாசிக்கேலாது."

வழமையாத் தமிழில வைக்கிறனான் எண்டன். உண்மைதான். ஆனா பேனையை எடுக்கேக்க எனக்கும் அது தெரியும். பிறகு கீழ, அவையின்ர எழுத்தில, ஒவ்வொரு எழுத்தாப் பெரிசா முழுப்பேரையும் எழுதினன். ரொறன்ரோ எண்டும் போட்டன்.

பதிவுத் தபால். கடிதத்துக்கு உள்ளுக்க என்ன எண்டு கவுண்டரில கேக்கேல்லை. நான் சும்மா பயந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாலாக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னன். அட கடவுளே, கிடைச்சதே பெரிய காரியம் எண்டா. ஓடிலைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. நான் திரும்பவும் சொன்னன், அந்த மனுசி எடுக்கேல்லை அக்கா எண்டு. ஓம் ஓம் எண்டா. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாறியோ எண்டு கேட்டா.

இவர் ரெண்டு நாளா என்னோட கதைக்கிறேல்லை. சாப்பாடு நல்லாச் சாப்பிடுறார்.

ஒக்டோபர் 9, வியாழன்

காத்து. வீட்டு முன் மேப்பிள் மரத்தில பாதி இலை கொட்டுண்டிட்டுது, கூட்டோணும்.

மதாம் அபிக்குப் படம் அனுப்பியிருக்கிறா. பாண்கடைக் கண்ணாடிக் கதவு, உட்பக்கமா ஒட்டின கடிதம். கண்ணாடியில தெருப் படியும் தேவாலயமும் மங்கலாத் தெரியுது. ஒரு கிழவர் முதுகை வளைச்சு நிண்டு வாசிக்கிறார், கக்கத்துக்குள்ள பாண். ஓடில் படத்தில இல்லை. தன்ர கையாலதான் ஒட்டினவவாம், நாலு மூலைக்கும் டேப் போட்டு. எவ்வளவு நாளைக்கு இருக்கும் எண்டு கடைக்காரி கேட்டதுக்கு, எல்லாரும் வாசிச்சு முடியுமட்டும் எண்டாவாம்.

அபி போனைத் தந்திட்டு எனக்குப் பக்கத்தில இருந்தாள். கனநாளைக்குப் பிறகு.

இவர் பின்னால வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து திரும்பவும் பார்த்தார். விரலால படத்தைப் பெரிசாக்கி, கீழ நான் எழுதின பெரிய எழுத்துகளுக்குக் கொண்டுபோனார். வதனி கருணாகரன்.

"இதில என்ர பேரும் எல்லோ கிடக்கு" எண்டார்.

"ஓம்" எண்டன். "கிடக்கு."

போனைத் திருப்பித் தரேல்லை. கதிரையை இழுத்து இருந்து, அபியைக் கூப்பிட்டு, முதல் வரியில இருந்து தனக்கு வாசிச்சுக் காட்டச் சொன்னார்.